டிசம்பரில் வாங்கியவர் மே மாதத்தில் சொதப்பினால்

நண்பர் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். எந்த அணி என்று அவர் எழுதவில்லை. போன டிசம்பரில் அவருடைய பேஸ்பால் அணி, மேஜர் லீகுக்கு ஆட்களைத் தயார்செய்யும் மைனர் லீகில் எல்லோரும் தூக்கிவைத்துப் பேசிய 20 வயதுப் பையனைக் கொடுத்துவிட்டு, பெயர்பெற்ற ஒரு பேட்டரை ட்ரேடில் வாங்கியது. இப்போது மே பாதி. வந்தவர் 150 தடவை மட்டை பிடித்து 28 ஹிட்தான் அடித்திருக்கிறார், சராசரி .187. ‘ஏமாந்துவிட்டோம்’ என்கிறார் இவர். ‘கொஞ்சம் பொறு’ என்கிறார்கள் கூட்டாளிகள். யார் சொல்வது சரி?

பார்த்தால் ஒரே கேள்விதான். உள்ளே இரண்டு இருக்கின்றன. வந்த ஆளுக்கு ஆட்டம் போய்விட்டதா என்பது ஒன்று. அந்த ட்ரேடே தப்பா என்பது இன்னொன்று. முதலாவதற்கு வாரக் கணக்கில் ஓரளவு பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு நாலைந்து வருடம் ஆகும். சில சமயம் அதற்கப்புறமும் தீராது. இரண்டையும் சேர்த்துப் பிசைவதால்தான் ஒவ்வொரு மே மாதமும் இந்தச் சண்டை வருகிறது. எழுதாமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்: மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆளைப் பார்த்து ‘பூ’ என்று கத்தலாமா? அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் திறமைசாலிகளைத் தேடி அலையும் ஸ்கவுட் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. காப்பீட்டுத் துறையில் புள்ளிவிவர வேலை. நியூ ஜெர்சிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. அதில் பன்னிரண்டு வருடமாக, வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் 13, 14 வயதுப் பிள்ளைகள் ஆடும் லீகில் ஸ்கோர் புத்தகம் எழுதுகிறேன். நியூயார்க் மெட்ஸ் அணியின் ரசிகன், ஆகவே ஏமாற்றத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

முதலில் அந்த .187. பேஸ்பால் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஓரிரு வரி: பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக ஒரு பேஸை எட்டினால் அது ஹிட். பத்துக்கு மூன்று தடவை ஹிட் அடித்தால் .300, அவர் கெட்டிக்காரர். நாலுக்கு ஒன்று அடித்தால் .250, அவர் சாதாரணமான, வேலைக்கு ஆகிற பேட்டர். .250 ஆளுக்கு 150 தடவையில் 37 அல்லது 38 ஹிட் வரவேண்டும். உங்கள் ஆளுக்கு வந்தது 28. ஏழு வாரத்தில் ஒன்பது, பத்து ஹிட் குறைகிறது. வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை.

நிஜத்திலேயே .250 தரமுள்ள ஒருவர், கையில் காலில் ஒரு குறையும் இல்லாமல், வெறும் அதிர்ஷ்டக் குறைவால் 150-க்கு 28 அல்லது அதற்கும் கீழே போக எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாலரை வருகிறது. சின்ன எண்தான். ஆனால் லீகில் 30 அணி, அணிக்கு ஒன்பது பேட்டர், மொத்தம் 270 பேர். அத்தனை பேரும் .250 ஆட்கள் என்று வைத்துக்கொண்டாலும் மே பாதியில் ஒரு டஜன் பேர் .187-க்குப் பக்கத்தில் கிடப்பார்கள். பன்னிரண்டு ஊரில் பன்னிரண்டு ரசிகர் கூட்டம் ‘ஏமாந்துவிட்டோம்’ என்று எழுதிக்கொண்டிருக்கும். அதனால் சராசரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. அந்த எண்ணுக்குள் அதிர்ஷ்டம் எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

எப்படிப் பிரிப்பது? என் ஸ்கோர் புத்தகத்திலிருந்தே சொல்கிறேன். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு, அதாவது பேட்டர் மூன்று வாய்ப்பையும் தவறவிட்டு அவுட் ஆவதற்கு, ‘கே’ என்ற ஆங்கில எழுத்தைப் போடுவோம். மட்டையை வீசாமல் நின்று பார்த்துக்கொண்டே அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவோம். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கையில் நேராகப் பாய்ந்த அடிக்கு ‘எல்-6’. புத்தகத்துக்கு எல்லாமே ஓர் அவுட்தான். நான் மட்டும், பலமாக அடித்து அவுட் ஆனதற்குப் பென்சிலால் கட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். ஒரு வருடம் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு ஏழு ஆட்டமாக ஒரு ஹிட் இல்லை. அவன் அப்பா வேலியோரம் வந்து, ‘இவனைக் கீழ் வரிசைக்கு இறக்கிவிடுவார்களா சார்?’ என்று கேட்டார். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். 19 அவுட்டில் எட்டுக்குப் புள்ளி இருந்தது. ‘கே’ மூன்றே மூன்று. எட்டாவது ஆட்டத்தில் பந்து மட்டையின் கைப்பிடிப் பக்கம் பட்டு, இரண்டாம் பேஸ்காரன் தலைக்கு மேலாகப் போய்ச் சொத்தென்று விழுந்தது. அது ஹிட். அந்த மாதம் முழுக்க அவன் அடித்ததிலேயே மோசமான அடி அதுதான்.

நான் பென்சிலால் வைக்கிற புள்ளியை மேஜர் லீகில் இயந்திரம் வைக்கிறது. 2015-லிருந்து 30 மைதானத்திலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கருவி ஏற்பாடு இருக்கிறது. மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் வேகத்தை ஒவ்வோர் அடிக்கும் அளக்கிறது. மணிக்கு 95 மைல் அல்லது அதற்கு மேல் போனால் அது பலமான அடி. இந்த விவரம் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் ஆள் போன வருடம் அடித்த அளவுக்கே பலமாக அடித்துக்கொண்டிருந்தால், நேராக ஆள் கைக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த வேகமே விழுந்திருந்தால் விஷயம் வேறு.

இரண்டாவது பார்க்கவேண்டியது ஸ்ட்ரைக் அவுட். எந்தப் புள்ளிவிவரத்தை எவ்வளவு சீக்கிரம் நம்பலாம் என்பதற்கு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இருக்கிறது. ஸ்ட்ரைக் அவுட் விகிதத்துக்கு சுமார் 60 தடவை போதும். வாக், அதாவது பிட்சர் நாலு பந்தை வெளியே எறிந்து பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது, அதன் விகிதத்துக்கு 120. பந்தை வேலிக்கு வெளியே அடிக்கிற ஹோம் ரன்னுக்கு 170. ஆனால் மட்டையில் பட்டு மைதானத்துக்குள் போன பந்துகளில் எத்தனை ஹிட் ஆகின்றன என்ற விகிதத்துக்குச் சுமார் 820 பந்துகள் வேண்டும். ஒரு முழு சீசனிலும் அவ்வளவு வராது. இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 60 தடவையில் நம்பலாம் என்றால், அந்த எண் பாதி அவர் திறமையைச் சொல்கிறது, மீதிப் பாதி இன்னமும் தற்செயல் என்றுதான் பொருள். சத்தியமான உண்மை என்று பொருள் இல்லை. தொலைக்காட்சியில் இந்த எண்களைச் சொல்கிறவர்கள் பாதிப்பேர் இதைச் சொல்வதில்லை.

ஆக, சராசரி .187 ஆனாலும் ஸ்ட்ரைக் அவுட் விகிதம் முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது, அடிக்கும் வேகமும் இருக்கிறது என்றால் நான் பொறுமை கட்சி. இரண்டும் கெட்டிருந்தால், நண்பரே, நீங்கள் பயப்படுவது நியாயம். வந்தவர் பந்து எறியும் பிட்சராக இருந்தால் இன்னும் சுலபம்: எறியும் வேகம் இரண்டு மைல் குறைந்திருக்கிறதா என்று ஏப்ரலிலேயே பார்த்துவிடலாம்.

இனி ட்ரேட். ஐபிஎல்லிலும் நாம் கேட்கும் இந்தச் சொல் அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேலான பழக்கம். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ கடைசி ஆட்டம் முடிந்தால், பிப்ரவரியில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி தொடங்கும்வரை ஆட்டமே கிடையாது. அந்தக் குளிர்காலத்துக்கு ‘ஹாட் ஸ்டோவ்’ என்று பெயர்: கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து யாரை வாங்கலாம், யாரை விற்கலாம் என்று வாய்ப்பந்தல் போடும் காலம். டிசம்பரில் எல்லா அணி நிர்வாகிகளும் ஒரே ஓட்டலில் கூடுவார்கள். அந்தச் சில வாரங்களில் நடப்பதை அடுத்த பத்து வருடம் திட்டிக்கொண்டிருக்கலாம்.

எனக்கு நெருக்கமான உதாரணம் 2018 டிசம்பரில் மெட்ஸும் சியாட்டில் மரினர்ஸும் செய்துகொண்டது. ஒரே ட்ரேடைப் பற்றி என் கருத்து நாலு தடவை மாறிய கதை இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மெட்ஸுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எட்வின் டியாஸ், ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் குளோசர். 2018-ல் 57 சேவ், அதாவது முன்னிலையைக் காத்து ஜெயித்துக்கொடுத்த 57 ஆட்டம். 73 இன்னிங்ஸில் 124 ஸ்ட்ரைக் அவுட். ஈஆர்ஏ, அதாவது பிட்சர் தன் பொறுப்பில் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், 1.96. வயது 24. சம்பளம் ஏறக்குறைய லீகின் அடிமட்டம், இன்னும் நாலு வருடம் அணியின் பிடியில் இருப்பார். மற்றவர் ராபின்சன் கனோ. ஒரு காலத்தில் மகா பேட்டர். ஆனால் வயது 36, தடைசெய்யப்பட்ட மருந்துக்காக அந்த வருடம்தான் 80 ஆட்டம் வெளியே உட்கார்ந்தவர், ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து வருடம், 12 கோடி டாலர் பாக்கி. அதில் 2 கோடியை மரினர்ஸ் தருவதாக ஏற்பாடு. மெட்ஸின் பொது மேலாளராக அப்போதுதான் வந்திருந்த புரோடி வான் வேகனன் அதற்கு முன் கனோவின் ஏஜென்டாக இருந்தவர். ஊரே இதைப் பேசியது.

கொடுத்தது ஐந்து பேர். பெரிய சம்பளக்காரர்களான ஜே புரூஸ், ஆன்டனி ஸ்வார்சாக் இருவரும் கணக்குச் சரிக்கட்ட. கெர்சன் பௌடிஸ்டா, ஜஸ்டின் டன் என்ற இளம் பிட்சர்கள். அப்புறம் ஜாரெட் கெலனிக். விஸ்கான்சினில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு, அணிகள் வரிசைப்படி இளம் வீரர்களை எடுக்கும் அந்த ஜூன் மாத டிராஃப்டில் மெட்ஸ் ஆறாவது ஆளாக எடுத்த பையன். வயது 19. எடுத்து ஆறே மாதத்தில் கைமாற்றிவிட்டார்கள்.

இப்படி ஒரு பையன் ஏன் இவ்வளவு விலை போகிறான் என்பதைச் சொல்லவேண்டும். மேஜர் லீகுக்கு வந்த வீரர் ஆறு வருட சர்வீஸ் முடியும்வரை தன் இஷ்டத்துக்கு வேறு அணிக்குப் போக முடியாது. முதல் மூன்று வருடம் சம்பளமும் அடிமட்டத்தில் இருக்கும். ஆக நட்சத்திரம் ஆகப்போகிற பையனைக் கொடுத்தால், குறைந்த சம்பளத்தில் ஆறு வருட ஆட்டத்தைக் கொடுக்கிறீர்கள். ‘ஆகப்போகிற’ என்ற சொல்லில்தான் சூதாட்டம் முழுதும் இருக்கிறது.

2019-ல் டியாஸ் மெட்ஸுக்கு வந்து ஆடிய ஆட்டத்தை மறக்க முடியாது. ஈஆர்ஏ 5.59. முந்தைய வருடம் முழுக்க ஐந்தே ஹோம் ரன் கொடுத்தவர், 58 இன்னிங்ஸில் 15 கொடுத்தார். செப்டம்பர் 3-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த ஆட்டம் கண்ணிலேயே நிற்கிறது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, அதாவது நேஷனல்ஸ் மட்டை பிடிக்கும் முறை, தொடங்கும்போது மெட்ஸ் 10, நேஷனல்ஸ் 4. நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். ஆறு ரன் முன்னிலை, இனி என்ன இருக்கிறது என்று. திரும்பி வந்து போனைப் பார்த்தால் 11-10, மெட்ஸ் தோல்வி. முன்னால் வந்த பிட்சர்கள் குழப்பி வைத்ததைத் துடைக்க டியாஸை அழைத்திருக்கிறார்கள். அவர் பந்தில் கர்ட் சுசுகி மூன்று ரன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டார். அன்று இரவு நானும் உங்களைப்போலத்தான், ‘ஏமாந்துவிட்டோம்’ என்று பத்துப் பேருக்கு அனுப்பினேன்.

மறுநாள் மனசு ஆறியபின் எண்களை எடுத்துப் பார்த்தேன். 58 இன்னிங்ஸில் 99 ஸ்ட்ரைக் அவுட் என்றுதான் அந்தச் சீசன் முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்கு 15-க்கு மேல். மோசமான பிட்சர் செய்கிற காரியம் இல்லை இது. எறியும் வேகம் 97 மைலில் அப்படியே இருந்தது. ஹோம் ரன் போக, மட்டையில் பட்டு உள்ளே விழுந்த பந்துகளில் 100-க்கு சுமார் 38 ஹிட் ஆகியிருந்தன. சாதாரணமாக 30 ஆகும். இன்னொன்று, 2019-ல் லீக் முழுவதும் 6,776 ஹோம் ரன். அதற்கு முன் எந்த வருடத்திலும் அவ்வளவு இல்லை. பந்தின் தயாரிப்பிலேயே ஏதோ மாறி, காற்றில் எளிதாகப் போகிறது என்று பிட்சர்கள் புலம்பிய வருடம். பந்தின் தையல் பிடிக்குள் சரியாக நிற்காததால் ஸ்லைடர் என்ற பக்கவாட்டில் வளையும் பந்து சரியாக வளையவில்லை என்பதும் டியாஸ் பற்றிப் பேசப்பட்டது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஸ்ட்ரைக் அவுட்டும் வேகமும் கெடவில்லை என்பது. பந்துதான் காரணமா, புது ஊரின் அழுத்தமா, ஸ்லைடரை உயரத்தில் விட்டாரா என்பதெல்லாம் ஊகம். எனக்குப் பிடித்த ஊகம் ஸ்லைடர். ஆனால் அதை வைத்துப் பந்தயம் கட்டமாட்டேன்.

பிறகு நடந்தது இது. சுருங்கிப்போன 2020 சீசனில் ஈஆர்ஏ 1.75. 2021-ல் 3.45. 2022-ல் 1.31, 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக் அவுட். அவர் ஓடிவரும்போது ஒலிக்கிற ட்ரம்பெட் இசைக்காகவே ஜனங்கள் ஒன்பதாவது இன்னிங்ஸ்வரை மெட்ஸின் சிட்டி ஃபீல்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் அந்த ட்ரம்பெட் கலைஞரே நேரில் வந்து மைதானத்தில் நின்று வாசித்தார். 2019-ல் ‘பூ’ போட்ட அதே கூட்டம் கைகளை ட்ரம்பெட் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டு ஆடியது. நானும் ஆடினேன். அந்த வருடம் மெட்ஸ் 101 ஆட்டம் ஜெயித்தது. நவம்பரில் ஐந்து வருடத்துக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம். 2023 மார்ச்சில் வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக் போட்டியில் போர்ட்டோ ரீக்கோவுக்காக ஆடி ஜெயித்துவிட்டு, சந்தோஷத்தில் குதித்தபோது முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த வருடம் முழுக்கப் போயிற்று. இதை எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது.

கனோ? 2020-ல் .316 அடித்தார். அந்த நவம்பரிலேயே இரண்டாவது தடவை மருந்துச் சோதனையில் மாட்டி 2021 முழுவதும் தடை. 2022 மே மாதம் சுமார் 4 கோடி டாலர் சம்பளம் பாக்கி இருக்கும்போதே மெட்ஸ் அவரை விட்டுவிட்டது.

எதிர்ப்பக்கம் கெலனிக். 2021 மே மாதம் மரினர்ஸுக்காக இறங்கினார். தொடர்ந்து 39 தடவை ஹிட் இல்லாமல் போய், ஜூன் மாதம் மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த வருடச் சராசரி .181. அடுத்த வருடம் .141. 2023 ஏப்ரலில் பளிச்சென்று ஆடினார், ‘இதோ வந்துவிட்டான்’ என்றார்கள். ஜூலையில் ஸ்ட்ரைக் அவுட் ஆன கோபத்தில் குடிதண்ணீர்க் கலத்தை எட்டி உதைத்துக் காலை உடைத்துக்கொண்டார். டிசம்பரில் மரினர்ஸ் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டது. கூடவே இரண்டு பெரிய சம்பளக்காரர்களைத் தள்ளிவிடுவதற்கான இனிப்பாக.

அப்படியானால் மெட்ஸ் ஜெயித்ததா? இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதே ட்ரேடில் போன ஜஸ்டின் டன்னை மரினர்ஸ் 2022 மார்ச்சில் வேறு சிலரோடு சின்சினாட்டிக்குக் கொடுத்து, யூஹேனியோ சுவாரெஸை வாங்கியது. அந்த வருடம் சுவாரெஸ் 31 ஹோம் ரன் அடித்தார். 2001-க்குப் பிறகு முதல் தடவையாக மரினர்ஸ் பிளேஆஃப் போனது அந்த வருடம்தான். ஒரு ட்ரேடின் வேர் இப்படி வேறு தோட்டத்தில் போய் முளைக்கும்.

என் தீர்ப்பு இது, இது கருத்துதான்: மெட்ஸ் எடுத்தது தப்பான முடிவு, கிடைத்தது சுமாரான பலன். குளோசர் என்பவர் வருடத்துக்கு 60, 70 இன்னிங்ஸ் எறிகிற ஆள். ஒரே வருடத்தில் தங்கமும் தகரமும் ஆகிற வேலை அது. அதற்காக 36 வயதுக்காரரின் ஐந்து வருடச் சம்பளத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு, ஆறாவதாக எடுத்த பையனையும் கொடுப்பது அன்றைக்குத் தெரிந்த விவரங்களின்படியே அதிக விலை. கெலனிக் தேறாமல் போனது மெட்ஸின் அறிவு இல்லை, அதிர்ஷ்டம்.

இதற்கு நேர்மாறான கணக்கும் எங்கள் அணியிடமே உண்டு. 1971 டிசம்பர் 10-ல் நோலன் ரயனையும் இன்னும் மூன்று பேரையும் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து ஜிம் ஃப்ரெகோசியை வாங்கினார்கள். ஐம்பது வருடம் கழித்தும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த டிசம்பரில் இருந்த ரயன் யார்? 152 இன்னிங்ஸில் 116 வாக் கொடுத்த, 10 வெற்றி 14 தோல்வி பிட்சர். ஃப்ரெகோசி ஆறு தடவை ஆல் ஸ்டார், அதாவது லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர். மூன்றாவது பேஸுக்கு ஆள் இல்லாமல் மெட்ஸ் தவித்துக்கொண்டிருந்தது. முட்டாள்தனம் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க முடியாது. ஃப்ரெகோசிக்கு வசந்தகாலப் பயிற்சியிலேயே கட்டைவிரல் உடைந்தது, அந்த வருடம் .232. ரயன் போன முதல் வருடமே 329 ஸ்ட்ரைக் அவுட், ஓய்வுபெறும்போது 5,714. நியாயமான முடிவு, பயங்கரமான பலன். கெட்ட பலனைப் பார்த்து முடிவெடுத்தவனை முட்டாள் என்பது காப்பீட்டுத் துறையில் தினமும் நடக்கிற பிழை. அங்கே அதைத் தடுக்கத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பேஸ்பாலில் இலவசமாகச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

‘பூ’ விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் கிளீவ்லாந்திடமிருந்து பிரான்சிஸ்கோ லிண்டோரையும் கார்லோஸ் கராஸ்கோவையும் மெட்ஸ் வாங்கியது. கொடுத்தது ஆமெட் ரொசாரியோ, ஆண்ட்ரேஸ் ஹிமெனெஸ், மைனர் லீகில் இருந்த இரண்டு பேர். சீசன் தொடங்குவதற்குள் லிண்டோருக்குப் பத்து வருடம், 34.1 கோடி டாலர். முதல் மாதமே அடிக்க வரவில்லை. சிட்டி ஃபீல்டில் கூச்சல். ஆகஸ்டில் லிண்டோரும் ஹவியர் பாயெஸும் இன்னும் சிலரும், ஹிட் அடித்தபோதெல்லாம் ரசிகர்களுக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். ‘நீங்கள் எங்களுக்குச் செய்ததை நாங்கள் உங்களுக்குச் செய்கிறோம்’ என்ற கணக்கு. பெரிய ரகளை, பிறகு மன்னிப்பு. அந்த வருடம் லிண்டோர் .230. அதே வருடம் கிளீவ்லாந்தில் ஹிமெனெஸ் .218 அடித்து மைனர் லீகுக்குப் போனார். இரண்டு ஊரும் ஒரே சமயத்தில் தாங்கள் ஏமாந்ததாக நினைத்திருக்கும். அடுத்த வருடம் லிண்டோர் 26 ஹோம் ரன், அவர் அடியால் வந்த ரன் (ஆர்பிஐ) 107. ஹிமெனெஸ் .297, ஆல் ஸ்டார், சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ். 2024-ல் லிண்டோர் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி வாக்கெடுப்பில் இரண்டாவது. இரண்டு பக்கமும் லாபம் பார்த்த ட்ரேட் அது.

புது ஊரின் அழுத்தம் ஆளை முடக்கிவிடும் என்பதை அதனால் நான் அரைமனதாகத்தான் நம்புகிறேன். டியாஸும் லிண்டோரும் திணறியதும் நியூயார்க்கில், நிமிர்ந்ததும் நியூயார்க்கில். முதல் வருடம் வீடு, பள்ளிக்கூடம், புது பயிற்சியாளர் என்று ஆள் தடுமாறலாம், அது புரிகிறது. கத்துவதால் அவர் கெட்டுப்போகிறார் என்பதற்கோ, கத்தினால் திருந்துவார் என்பதற்கோ என்னிடம் ஆதாரம் கிடையாது. டிக்கெட் உங்கள் காசு. நான் கத்துவதில்லை. வாய்விட்டு முணுமுணுப்பேன்.

பொறுமையைப் பற்றி மட்டுமே பேசினால் அது ஏமாற்று வேலை. பொறுத்தும் வராத ஆட்கள் உண்டு. பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் ட்ரேடில் வந்தவர் என்றாலும் அங்கேயே 2013-ல் 53 ஹோம் ரன் அடித்துக் கொண்டாடப்பட்டவர். 2016 ஜனவரியில் ஏழு வருடம், 16.1 கோடி டாலர் கொடுத்தார்கள். 2018-ல் .168. அந்த செப்டம்பரில் தொடங்கி 2019 ஏப்ரல் 13 வரை 54 தடவை தொடர்ந்து ஒரு ஹிட் இல்லை. பாஸ்டனில் கடைசியாக ஒன்று விழுந்தபோது எதிரணி ரசிகர்களே கைதட்டினார்கள். அவர் விஷயத்தில் துரதிர்ஷ்டம் என்று சொல்ல இடமில்லை: 2018-ல் 522 தடவைக்கு 192 ஸ்ட்ரைக் அவுட். மூன்றுக்கு ஒன்றுக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட். வயது 32. என் புத்தகமாக இருந்தால் புள்ளிகள் கம்மி, ‘கே’க்கள் பக்கம் முழுக்க. டியாஸின் 2019-ஐயும் டேவிஸின் 2018-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே மாதிரிச் சொதப்பல்தான்.

எனக்கு எட்டாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ அறிக்கை அணிக்குத்தான் தெரியும், வெளியே வராது. மணிக்கட்டு வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்டோபரில் அறுவைசிகிச்சை என்று செய்தி வரும்போதுதான் நமக்கு மே மாதம் புரியும். அணி அந்த 20 வயதுப் பையனைப் பற்றி உள்ளே என்ன நினைத்தது என்பதும் அப்படித்தான். ஸ்கவுட்கள் அவனிடம் எதையாவது பார்த்து விலகியிருக்கலாம். என்னைப்போல வெளியே நின்று எண்களைப் பார்க்கிறவன், பூட்டிய வீட்டை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு நேராக. ட்ரேட் தப்பா என்பதற்கு இன்றைக்கு நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் சொல்கிற எதுவும் செல்லாது. அன்றைக்கு கொடுத்த விலை அதிகமா என்று வேண்டுமானால் பேசலாம்: வந்தவருக்கு வயது என்ன, எத்தனை வருடம் உங்கள் பிடியில் இருப்பார், எவ்வளவு சம்பளம், போன பையன் மேஜர் லீகுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தான். இந்த நாலும் டிசம்பரிலேயே தெரிந்தவை, .187-க்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. வந்தவர் 27 வயதுக்காரர், மூன்று வருடம் மீதி என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். 34 வயது, இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது என்றால் தூக்கம் வராது. நீங்கள் அதை எழுதவில்லை.

ஆளைப் பற்றி: அவருடைய பக்கத்தைத் திறந்து, ஸ்ட்ரைக் அவுட் விகிதத்தையும் 95 மைலுக்கு மேல் அடித்த அடிகளின் விகிதத்தையும் போன வருடத்தோடு வைத்துப் பாருங்கள். அப்புறம் இந்த வாரக் கடைசியில் ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து பாருங்கள், ஸ்கோரைப் பார்க்காமல். வேகமான பந்தை அவர் ஃபவுலாக, அதாவது ஆட்டக் கோட்டுக்கு வெளியே, அடிக்கும்போது அது எந்தப் பக்கம் போகிறது? நேராகப் பின்னால், கேட்சருக்கு மேலே வலையில் போய் விழுந்தால் நேரம் சரியாக இருக்கிறது, ஒரு நூல் அளவுதான் தப்புகிறது. வலதுகைக்காரர் ஒவ்வொரு தடவையும் முதல் பேஸ் பக்கத்து இருக்கைகளுக்குள் அடித்தால் மட்டை தாமதமாக வருகிறது. ஒரு நாள் என்றால் களைப்பு, மூன்று ஆட்டம் தொடர்ந்து அப்படியே என்றால் நான் கவலைப்படுவேன். அந்த இரண்டு விகிதத்தையும், ஃபவுல் எந்தப் பக்கம் போனது என்பதையும், அவர் வயதையும் எழுதி அனுப்புங்கள். அப்போது இதைவிடச் சின்ன பதிலாகச் சொல்கிறேன்.